தோலின்கீழ் நாடாப்புழு: கண்டறியும் முறை

தோளிலோ மார்பிலோ தோலின்கீழ் சிறு கட்டியொன்று தென்படும். வலி இராது, விரலால் தள்ளினால் நகரும். கொழுப்புக் கட்டியென்று எண்ணி ஜனங்கள் அதைக் கவனியாது விடுகிறார்கள். பெரும்பாலும் அவ்வெண்ணம் சரியே. ஆயினும், அரிதாகச் சில கட்டிகளுள் பன்றி நாடாப்புழுவின் இளம்புழு அடங்கியிருக்கும்.

நோய் வரும் வழி

புழுப்பையுள்ள பன்றி இறைச்சியை அரைவேக்காட்டில் உண்பவரின் குடலில் நாடாப்புழு வளர்கிறது. அதன் முட்டைகள் அவருடைய மலத்தோடு வெளியேறுகின்றன. அம்மலத்தைத் தின்னும் பன்றியின் மாமிசத்தில் மீண்டும் புழுப்பைகள் உண்டாகின்றன. கழுவாத கை, கழுவாத கீரை, அசுத்த நீர் இவற்றின் மூலம் அதே முட்டைகள் மனிதர் வயிற்றை அடைந்தால், இளம்புழுக்கள் குடலைத் துளைத்து இரத்தத்தோடு சென்று, தசை, தோலின்கீழ், கண், மூளை ஆகிய இடங்களில் பை கட்டித் தங்கும். ஆகவே, சைவ உணவினருக்கு இந்நோய் வராதென்பது தவறு.

கண்டறிதல்

1. தொட்டுப் பார்த்து மட்டும் நிச்சயிக்க இயலாது. அல்ட்ராசவுண்ட் பரிசோதனையில் நீர்ப்பையும், அதனுள் புள்ளிபோல் புழுவின் தலையும் தெரியலாம்.

2. கட்டியை வைத்தியர் அகற்றி மைக்கிராஸ்கோப்பில் பரிசோதித்தால் நோய் உறுதிப்படும்.

3. தசையில் நாட்பட்டு மடிந்த புழு சுண்ணாம்பேறி, எக்ஸ்ரே படத்தில் அரிசிமணிபோல் தோன்றும்.

மறைக்கலாகாத விஷயம்

தோலின்கீழுள்ள கட்டியால் அபாயம் சொற்பம். மூளையிலுள்ளதோ வலிப்பை உண்டாக்கும். வேலூர் மாவட்டத்தில் நடந்து 2006-ல் வெளியான ஆராய்ச்சியில், வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு இப்புழுவே காரணமெனத் தெரிந்தது. ஆதலால் கட்டியுள்ளவர், வலிப்போ தீராத் தலைவலியோ கண்டிருந்தால் வைத்தியரிடம் ஒளியாது சொல்லவேண்டும். புழுமாத்திரையைத் தாமே வாங்கி உண்ணலாகாது. மூளையிலோ கண்ணிலோ புழு இருந்து மருந்தால் மடியுமாயின், அவ்விடம் வீங்கிப் பெருந்தீங்கு நேரலாம். முதலில் கண்ணையும் மூளையையும் பரிசோதித்தல் அவசியம். தாம்பரம், பல்லாவரம் பகுதியினர் அரசாங்க ஆஸ்பத்திரியிலோ செங்கற்பட்டு வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ ஆலோசனை கேட்கலாம்.

சங்கத்தின் கடமை

ஒருவருக்குக் கட்டி கண்டால், அவர் வீட்டாரையும் பரிசோதிப்பது நலம். முட்டையிடும் புழு அவ்வீட்டிலேயே ஒருவர் குடலில் இருக்கக்கூடும். பன்றி வளர்க்கும் அங்கத்தினர்கள் அவற்றைத் தெருவில் திரியவிடாது, பட்டியிலடைத்துத் தீனி போடுவார்களாக. எல்லோரும் கக்கூசைப் பயன்படுத்தி, கைகளைச் சவுக்காரமிட்டுக் கழுவி, இறைச்சியை நன்றாக வேகவைப்பார்களாயின், புழுவுக்கு வழி அடைபடும். ஒரு வீடு மட்டும் சுத்தமாயிருந்து பயனில்லை. ஊர் முழுதும் கூடிச் செய்யவேண்டிய காரியம் இது.