செம்மறிக் குட்டிகளுக்குக் கருவேலங்காய்

இறைச்சிக்காகச் செம்மறி வளர்க்கும் உழவர்களுக்குத் தீவனச் செலவில் மிகுதியாவது பிண்ணாக்கே. அவ்வாறு விலை கொடுத்து வாங்கும் கடலைப் பிண்ணாக்கின் புரதம் முழுவதும் குட்டியின் தசையாக மாறுவதில்லை. முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் அதில் பெரும்பகுதியைச் சிதைத்து அம்மோனியாவாக்கிவிடுகின்றன. அதில் மிஞ்சுவது சிறுநீராகக் கழிந்துவிடுகிறது.

இவ்விழப்பைக் குறைக்க ஏரிக்கரையிலேயே ஒரு பொருள் கிடைக்கிறது. கருவேலங்காயின் துவர்ப்புக்குக் காரணமான டானின் என்னும் பொருள் புரதத்தோடு பிணைந்து, அதை நுண்ணுயிர்களிடமிருந்து காக்கிறது. நான்காம் இரைப்பையின் புளிப்பில் அப்பிணைப்பு விடுபடவே, புரதம் குடலில் செரித்து உடலில் சேர்கிறது. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து தடை செய்தது. அதன்பின் இத்தகைய தாவரப் பொருள்களை அறிஞர்கள் மேலும் ஊன்றி ஆராயலாயினர். நம் இடையர்களுக்கோ காயை உலுக்கி ஆட்டுக்குப் போடுவது பழைய வழக்கம். அளவு ஒன்றே இங்குப் புதிது.

அளவு மீறினால் நன்மை தீமையாகும். உலர்தீவனத்தில் டானின் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை இருப்பின் பயனுண்டு. 5 பங்கைத் தாண்டினால் குட்டி தீவனத்தை ஒதுக்கும், எடை ஏறாது. 15 கிலோ எடையுள்ள குட்டி நாளொன்றுக்கு ஏறக்குறைய 600 கிராம் உலர்தீவனம் உண்ணும் என்று கொண்டால், அதற்குரிய டானின் 12 முதல் 24 கிராம் ஆகும். காயிலுள்ள டானின் மரத்திற்கு மரம் வேறுபடுவதால், இடித்த காய்த்தூளை 20 கிராமில் தொடங்கிப் பத்து நாட்களில் 50 கிராமாக உயர்த்துதல் போதும் என்பது நம் கருத்து. பூஞ்சணம் பிடித்த காய் கூடவே கூடாது.

வேலிக்காத்தான் என்னும் சீமைக்கருவேலின் காயை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. அது இனிப்பான தீவனம், துவர்ப்பு குறைவு. விதையை நொறுக்காமல் கொடுத்தால் புழுக்கை விழுந்த இடமெல்லாம் முள்மரம் முளைக்கும்!

நான்காம் இரைப்பையில் தங்கிக் குருதி உறிஞ்சும் புழுக்களையும் டானின் ஓரளவு தணிக்கிறது. அத்தகைய புழு ஒன்று நாளொன்றுக்கு 0.05 மில்லி லிட்டர் குருதியை இழக்கச் செய்வதால், ஆயிரம் புழுக்கள் இருப்பின் 50 மில்லி லிட்டர் போய்விடும். ஆயினும் காய்த்தூளை நம்பிக் குடற்புழு மருந்தையும் துள்ளுமாரித் தடுப்பூசியையும் கைவிடுவது பெரும் பிழை. இமையின் உட்புறம் சிவப்பு மாறி வெளுத்துக் காணப்பட்டாலோ, தாடையின்கீழ் வீக்கம் தோன்றினாலோ, அன்றே கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டு செல்ல வேண்டும்.

புல் கருகும் கோடையிலேயே காய் முற்றி உதிர்கிறது. ஊராட்சியின் பொறுப்பிலுள்ள கருவேல மரங்களை விறகுக்கென ஏலம் விடுமுன், அவ்வாண்டுக் காயைப் பொறுக்கிக்கொள்ளும் உரிமையை ஊரில் ஆடு வளர்ப்போருக்கு ஒதுக்கித் தீர்மானம் இயற்றுமாறு ஊராட்சி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.