எட்டாத காற்றை அறிவது எவ்வாறு?



நாம் சென்றடைய முடியாத ஒரு கோளின் காற்றில் எந்த வாயு உண்டு என்பதை அறிஞர் எவ்வாறு அறிகின்றனர்? ஒளியே அதற்குச் சான்று.

வெண்ணிற ஒளி அரியத்தினூடு செல்லும்போது நிறங்களாகப் பிரியும். இதுவே நிறமாலை. ஒவ்வொரு வாயுவும் தனக்கே உரிய அலைநீளங்களை உறிஞ்சும்; அவ்விடங்களில் கருங்கோடுகள் தோன்றும். கைரேகை ஆளைக் காட்டுவதுபோல இக்கோடுகள் வாயுவைக் காட்டும்.

வெள்ளிக் கோளை எடுத்துக்கொள்வோம். 1932இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் அடம்ஸ், டன்ஹம் என்போர் அதன் ஒளியில் காபனீரொட்சைட்டின் கோடுகளைக் கண்டனர். 1956இல் அங்கிருந்து வந்த வானொலி அலைகள் 300 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பநிலையைக் காட்டின. அவ்வெப்பம் தரையினதா, வளிமண்டலத்தின் மேற்படையினதா என்ற ஐயம் எழுந்தது.

இங்கே கணித மாதிரியுரு துணைபுரிந்தது. உள்வரும் சூரிய ஒளி, வெளியேறும் வெப்பம், அதைத் தடுக்கும் வாயுக்கள் ஆகியவற்றைக் கணக்கிட்டு, பச்சைவீட்டு விளைவால் தரையே அவ்வாறு கொதிக்கின்றது என 1960இல் கார்ல் சேகன் வாதிட்டார். கணக்கு மட்டும் போதுமா? சோதனையும் வேண்டும். 1970 டிசம்பர் 15இல் தரையிறங்கிய சோவியத்தின் வெனேரா 7, ஏறத்தாழ 475 பாகை எனச் செய்தி அனுப்பியது. ஐயம் தீர்ந்தது.

அதே வாயு நம் புவியின் காற்றிலும் உண்டு. 1958இல் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 315 பங்காக இருந்தது, 2024இல் 420ஐத் தாண்டிவிட்டது. புவி வெள்ளியாகிவிடாது, எனினும் வெப்பத்தைத் தடுக்கும் விதி இரண்டுக்கும் ஒன்றே.

பயிற்சி: சூரியனுக்கு மிக அண்மையிலுள்ள கோள் புதன். ஆயினும் வெள்ளியே அதிக வெப்பமுடையது. ஏன்? விடையை ஐந்து வாக்கியங்களில் தமிழில் எழுதுக.