ஆப்ஷன் வருவதற்கு முன்

புதிதாக கேம் ஷோ பார்க்க உட்காரும் தம்பி தங்கச்சிகளுக்கு, பாலக்கோடு பக்கம் ரொம்ப வருஷம் கேபிள் இழுத்த ஒரு பெரியவன் சொல்வது இது. எங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு. எந்த வீட்டில் எந்த நிகழ்ச்சிக்கு எவ்வளவு மதிப்பு என்று தெரிந்துவிடும். சீரியல் ஓடும்போது படம் போனால் போனில் திட்டு வரும். கேள்வி-பதில் ஓடும்போது போனால் ஆளே வாசலுக்கு வந்துவிடும். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் தெரியாமல் எப்படித் தூங்குவது?

1. பதிலை ஆப்ஷன் வருவதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லு. மனசுக்குள் சொன்னது கணக்கில் வராது. நாலு பெயரும் திரையில் வந்த பிறகு "நானும் அதான் நெனச்சேன்" என்று சொல்லாத ஆள் இந்த மாவட்டத்தில் கிடையாது. "கீழ்க்கண்டவற்றுள் எது" என்று கேட்டால் மட்டும் விதிவிலக்கு. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே கடைசியாக வந்தது நம் தருமபுரி. ஆனால் எழுத்துக் கூட்டத் தெரியாத கிழவிகளோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பாரதக் கதையிலோ பழைய படத்திலோ ஒரு கேள்வி வந்துவிட்டால், நடத்துகிறவர் மூச்சு வாங்குவதற்குள் பதில் வந்து விழும். திரையில் வரும் எழுத்தால் அவர்களுக்கு ஒரு உபயோகமும் இல்லை, அதனால் அதற்காகக் காத்திருந்ததும் இல்லை.

2. வம்சம் தெரிந்து பாரு. இலங்கை வானொலியில் வளர்ந்த பி.எச். அப்துல் ஹமீது சன் டிவியில் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு'தான் என் தலைமுறைக்கு அரிச்சுவடி. எழுத்தைச் சொன்னதும் பாட்டு வரவேண்டும். வராதவரைக்கூட அவர் மரியாதை குறையாமல் வழியனுப்புவார். அவருக்குப் பின்னால் வந்த எந்த நட்சத்திரத்தையும் அவர் பக்கத்தில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. சண்டைக்கு வந்தாலும் சரி. அப்புறம் ரம்யா கிருஷ்ணனின் 'தங்க வேட்டை', ஜெயா டிவியில் குஷ்புவின் 'ஜாக்பாட்'. கோடிக்குக் கேள்வி கேட்கும் அந்தப் பெரிய நாற்காலியின் கதை வேறு. அது 1998-ல் இங்கிலாந்தில் பிறந்தது. 2000 ஜூலை 3-ஆம் தேதி அமிதாப் பச்சனோடு 'கௌன் பனேகா குரோர்பதி', சுருக்கமாகக் கேபிசி, என்று இந்தியில் வந்தது. தமிழில் அதைச் சன் டிவியில் சரத்குமார் 'கோடீஸ்வரன்' என்று நடத்தினார். 2012-ல் விஜய் டிவியில் சூர்யா 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' என்று வந்தார். அவருக்குப் பின் பிரகாஷ்ராஜ், அரவிந்த்சாமி. 2019 கடைசியில் கலர்ஸ் தமிழில் ராதிகா, பெண்களுக்கு மட்டுமான 'கோடீஸ்வரி'. ஆள் மாறினாலும் அந்த நாற்காலியும் இசையும் ஒன்றுதான்.

சூர்யா வந்த 2012-ல் சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரம் கரண்ட் கிடையாது. கேள்வி இந்தப் பக்கம், பதில் இருட்டுக்கு அந்தப் பக்கம். இன்வெர்ட்டர் வைத்திருந்த வீட்டுத் திண்ணைக்கு அந்த வருஷம் வந்த மவுசை இப்போது சொன்னால் நம்பமாட்டாய்.

3. அறிவு விளையாட்டையும் அதிர்ஷ்ட விளையாட்டையும் ஒரே கண்ணால் பார்க்காதே. 'டீலா நோ டீலா'வில் ரிஷி பெட்டியைத் திறக்கச் சொன்னபோது, "இதுல என்ன இருக்கு, வெறும் குருட்டாம்போக்கு" என்று எழுந்து போனவர்கள் உண்டு. பெட்டியைத் திறக்காமல் விட விலை பேசும் பேங்கரை அவர்கள் கவனிக்கவில்லை. மிச்சம் இருக்கும் தொகைகளைக் கூட்டி, பெட்டி எண்ணிக்கையால் வகுத்துப் பாரு. 1,000, 50,000, 5 லட்சம், 20 லட்சம் என்று நாலு பெட்டி இருந்தால் சராசரி 6,37,750 ரூபாய். ஆரம்பத்தில் பேங்கர் சராசரிக்கு வெகு கீழே கேட்பார். ஆட்டம் முற்ற முற்ற அதை நோக்கி ஏறி வருவார். புளி மண்டியில் முதல் விலை கேட்கிற வியாபாரி மாதிரிதான். இந்தக் கணக்கு பழகிவிட்டால் நிகழ்ச்சியே வேறாகத் தெரியும்.

ஆனால் கணக்குத் தெரிந்தவுடன் திமிர் வந்துவிடக்கூடாது. சராசரி ஆறரை லட்சத்துக்கு நெருக்கமாக இருக்கும்போது நாலு லட்சத்துக்கு 'டீல்' சொன்னவரைக் கோழை என்று சொல்லாதே. நாலு லட்சத்தில் தீரும் கடன் வீட்டில் இருக்கிறவருக்கு அந்தச் சராசரியால் என்ன பிரயோஜனம்?

4. லைஃப்லைனில் போன் பண்ண ஆள் தேடினால், எல்லாம் தெரிந்த மாமாவைத் தேடாதே. "தெரியாது" என்று சட்டென்று சொல்லக் கூடியவரைத் தேடு. முப்பது வினாடிதான். அதில் "சௌக்கியமா, டிவியில நல்லா தெரியற" என்று பாதியைத் தின்றவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ரத்தக்கொதிப்பே வந்திருக்கும். பார்வையாளர் ஓட்டு சுலபமான கேள்விக்கு நம்பலாம். கடைசி மூணு நாலு கேள்விக்கு அவர்களும் உன்னைப்போலத்தான் முழிப்பார்கள்.

5. நிறுத்துகிற இடத்தைப் பாரு. எனக்கு இந்த விளையாட்டில் மிகப் பிடித்தது பதில் சொல்லும் இடமல்ல, "போதும், கிளம்பறேன்" என்று சொல்லும் இடம். கேபிசியின் முதல் ஏணியை எடுத்துக்கொள். 50 லட்சத்தில் நிற்கிறாய். அடுத்த கேள்வி ஒரு கோடிக்கு, தப்பானால் 3,20,000-க்கு இறங்கவேண்டும். இரண்டு ஆப்ஷன் மிச்சம், இரண்டும் தெரியாது. ஒரு கோடியையும் 3,20,000-ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 51,60,000. கையில் இருக்கும் ஐம்பதைவிட அதிகம், அதனால் கணக்கு 'ஆடு' என்கிறது. ஆனால் பார்வையாளர் வரிசையில் மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த அம்மா 'எழுந்து வா' என்கிறார். அந்த நேரத்தில் போட்டியாளர் முகத்தைப் பார்க்காமல் சேனல் மாற்றுகிறவன் ரசிகன் இல்லை.

6. கோடி என்பது கோடி இல்லை. பரிசுப் பணத்துக்கு 30 சதவீதம் வரி, அதன்மேல் சர்சார்ஜ், செஸ். மற்ற வருமானம்போல் கழிவு எதுவும் கேட்க முடியாது. ஒரு கோடியில் கைக்கு வருவது அறுபத்தைந்து லட்சம் சுமார். கார் பரிசு விழுந்தால் சாவி கைக்கு வருமுன் வரியைக் கட்டவேண்டும்.

7. உனக்கு யாரும் போனில் பரிசு தரமாட்டார்கள். வாட்ஸ்அப்பில் அமிதாப் படம் போட்டு "கேபிசி லாட்டரியில் 25 லட்சம்" என்று வந்தால் அழித்துவிடு. ஒருகாலத்தில் ராத்திரி நேரத்தில் இரண்டு நடிகர்களின் முகத்தை ஒட்டவைத்து "யார் என்று சொல்லுங்கள், உடனே அழையுங்கள்" என்று ஒரு பெண் மணிக்கணக்கில் கூவிக்கொண்டிருப்பார். பச்சைக் குழந்தைக்கும் பதில் தெரியும். லைன் மட்டும் காத்திருப்பிலேயே இருக்கும், அந்தக் காத்திருப்புதான் அவர்கள் வியாபாரம்.

8. ஒரு தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாரு. பதற்றத்தில் பாதியை அந்த இசைதான் உண்டாக்குகிறது என்று புரியும். 2020 ஜனவரியில் 'கோடீஸ்வரி'யில் ஒரு கோடி வென்ற மதுரைப் பெண் காதுகேளாதவர், வாய்பேச இயலாதவர். மற்ற எல்லாரையும் வியர்க்க வைத்த அந்தத் திடும்திடும் அவரிடம் மட்டும் எடுபடவில்லை. அந்த எபிசோடைப் பார்த்த பிறகுதான் இந்த வழக்கம் எனக்கு வந்தது.

9. பார்ப்பது ஒரு வேலை. இதை நம்பாதவருக்கு மைக்கேல் லார்சன் கதையைச் சொல்லு. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் ஐஸ்கிரீம் வண்டி ஓட்டியவர். 'பிரஸ் யுவர் லக்' நிகழ்ச்சியில் பலகையில் விளக்கு தாறுமாறாக ஓடும், பட்டனை அழுத்தினால் நின்ற கட்டத்தில் உள்ளது கிடைக்கும். இவர் வீட்டில் டேப்பில் பதிவு செய்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, விளக்கு ஐந்தே வரிசைகளில்தான் ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். 1984-ல் போய் 1,10,237 டாலர் அள்ளினார். சேனல்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டு பார்த்தும் விதியை மீறியதாக எதுவும் சிக்கவில்லை, பணத்தைக் கொடுத்தார்கள்.

இதற்குப் பக்கத்தில் 2001-ல் இங்கிலாந்தின் அந்தப் பெரிய நாற்காலியில் உட்கார்ந்து இருமல் சத்தத்தைக் கேட்டுப் பதில் சொன்ன ராணுவ மேஜர் சார்லஸ் இங்கிராமை வை. பத்து லட்சம் பவுண்டு வென்றார், காசோலை நிறுத்தப்பட்டது, 2003-ல் நீதிமன்றம் குற்றவாளி என்றது. 1950-களில் அமெரிக்காவின் 'ட்வென்ட்டி ஒன்' நிகழ்ச்சியிலோ தயாரிப்பாளர்களே முன்கூட்டிப் பதிலைக் கொடுத்து, சார்லஸ் வான் டோரன் என்ற கல்லூரி ஆசிரியரை நாடே கொண்டாட வைத்தார்கள். 1959-ல் அவரே நாடாளுமன்றக் குழு முன் ஒப்புக்கொண்டார். இந்த மூவரில் லார்சன் காலில் மட்டும் நான் விழுவேன்.

10. நம் ஊரிலிருந்து கேள்வி தயார் செய்து வை. திருவிழாவுக்கு மேடை போடும் பையன்கள் என்னிடம் கேட்டு வருவார்கள். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தது யார் என்பதெல்லாம் கேள்வியே இல்லை, கைக்குழந்தை சொல்லும். அசோகர் கல்வெட்டில் வரும் 'சதியபுத்திரர்' அதியமான் மரபினர் என்று உறுதிப்பட உதவிய கல்வெட்டு எந்த ஊரில் கிடைத்தது என்று கேள். ஜம்பை. தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்த நாள்? 1965 அக்டோபர் 2. 1925-ல் சுப்பிரமணிய சிவா உயிர்விட்ட ஊர்? பாப்பாரப்பட்டி. கவர்னர் ஆவதற்கு முன் தருமபுரியில் வருஷக்கணக்கில் குடியிருந்த வெள்ளைக்காரர்? தாமஸ் மன்றோ. இதில் மூன்றைச் சொன்னவனுக்கு ஒரு எவர்சில்வர் குடம் தாராளமாகக் கொடுக்கலாம்.

11. மறு ஒளிபரப்பில் சொன்ன பதில் செல்லாது. ஏற்கெனவே பார்த்த எபிசோட் என்றால் முதலிலேயே ஒப்புக்கொண்டு வாயை மூடிக்கொள். எங்கள் வீட்டில் மீறினால் பத்து ரூபாய் அபராதம். உண்டியலில் அதிகம் போட்டது என் சம்சாரம்தான், ஆனால் அதை அவளிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.