சாவியும் ஜன்னலும் சொல்லும் வரலாறு



கொல்கத்தாவில் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் போர்த்துகீசிய மொழி பேசும் மக்களின் வரலாற்றையும் பண்பாட்டையும் கற்பிப்பது என் பணி. "தமிழருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று நம் சங்க நண்பர்கள் கேட்பதுண்டு. அதற்கு என் பதிலே இக்கட்டுரை.

முதல் வகுப்பில் நான் வாஸ்கோடகாமாவைத் தொடுவதில்லை. கரும்பலகையில் மூன்று கட்டங்கள் போட்டு, தமிழ், வங்காளம், போர்த்துகீசியம் என்ற வரிசையில் சொற்களை எழுதுவேன். சாவி, சாபி, ஷாவ். ஜன்னல், ஜானாலா, ஜனேலா. அலமாரி, ஆல்மாரி, அர்மாரியோ. அன்னாசி, ஆனாரஸ், அனனாஸ். மாணவர்கள் தங்கள் வீட்டையே புதிதாகப் பார்ப்பார்கள்.

அடுத்து உலகப் படம். போர்த்துகல் நாட்டில் வாழ்வோர் சுமார் ஒரு கோடி. பிரேசிலில் இருபது கோடிக்கும் மேல். அங்கோலா, மொசாம்பிக் போன்ற ஆப்பிரிக்க நாடுகளும் கிழக்குத் திமோரும் இந்த மொழி வழங்கும் நாடுகளே. ஆகவே இது ஒரே நாட்டின் கதையன்று; ஆண்டவர், ஆளப்பட்டவர், அடிமையாக விற்கப்பட்டவர் ஆகிய எல்லாருடைய கதையும் ஆகும்.

ஹூக்ளிக் கரையில்

ஜாப் சார்னாக் 1690-இல் இங்கு வந்து இறங்குவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, அக்பர் காலத்தில், போர்த்துகீசியர் ஹூக்ளியில் குடியேறிவிட்டனர். பாண்டேல் மாதா கோவில் 1599-இல் எழுந்தது. 1632-இல் ஷாஜகானின் படை முற்றுகையிட்டு ஹூக்ளியைப் பிடித்தது, ஆயிரக்கணக்கானோர் கைதிகளாயினர். கோவில் பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. ஹவுராவிலிருந்து லோக்கல் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துகீசியக் கொள்ளையரும் அரக்கானியரும் வங்கத்தின் ஆற்றோரக் கிராமங்களில் மக்களைப் பிடித்து அடிமைகளாக விற்றனர். போர்க்கப்பற்படையைக் குறித்த 'ஆர்மாடா' என்ற சொல், வங்காளத்தில் 'ஹர்மாத்' என்று கொள்ளையனைக் குறிப்பதாயிற்று. சாவியைச் சொல்லி ஹர்மாதைச் சொல்லாமல் விட்டால் அது பாடமாகாது.

அச்சேறிய தமிழ்

1554-இல் லிஸ்பன் நகரில் ரோமன் எழுத்தில் தமிழ் அச்சேறியது. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே வெளிவந்தது. அதை ஆக்கியவர் முத்துக்குளித்துறையில் வாழ்ந்த போர்த்துகீசியப் பாதிரியார் அன்றிக் அடிகளார். வங்காளமும் 1743-இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில்தான் அச்சாயிற்று. அது மனுவேல் பாதிரியாரின் பணி. வங்க அச்செழுத்துகள் கொண்ட நூல், ஹால்ஹெட்டின் இலக்கணம், ஹூக்ளியில் வந்தது 1778-இல். சரியாக இருநூறு ஆண்டுகள் கழித்து! இதைச் சொல்லும்போது எனக்குச் சற்றுப் பெருமைதான். ஆனால் மதம் பரப்ப வந்த நூல்கள் மொழிக்கும் பயன்பட்டன என்று இரண்டையும் சேர்த்தே சொல்வேன்.

ஒரு மாணவியின் கேள்வி

ஹர்மாத் பாடம் நடந்த அன்று, போர்த்துகீசியக் குடும்பப் பெயர் கொண்ட ஒரு மாணவி வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தாள். "ஐயா, நாங்கள் கொள்ளைக்காரர் வம்சமா? இந்த ஊர் எங்களுடையது இல்லையா?" என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. இங்கே பிறந்த என் மகனும் "நாம் எந்த ஊர், அப்பா?" என்று கேட்டது நினைவுக்கு வந்தது.

மறுநாள் வகுப்பில் டெரோசியோவைப் பற்றிப் பேசினேன். போர்த்துகீசிய வழிவந்த குடும்பத்தில் 1809-இல் இதே நகரில் பிறந்தவர். 1826-இல் இந்துக் கல்லூரி ஆசிரியரானார். கேள்வி கேட்க மாணவர்களுக்குக் கற்றுத்தந்தார். இந்தியாவைத் தாய்நாடாகப் பாடினார். 1831-இல் பதவியை இழந்து, அவ்வாண்டே 22 வயதில் மறைந்தார். பார்க் தெருக் கல்லறையில் உறங்குகிறார். ஒருவரை அவர் முன்னோரின் செயலைக் கொண்டு மட்டும் எடைபோடலாகாது என்பதே அன்றைய பாடம். மாணவி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தாள்.

வீட்டுப் பயிற்சி

பெற்றோர்களே, வரும் ஞாயிறன்று பிள்ளைகளோடு உட்கார்ந்து மேசை, பொத்தான், துவாலை, பப்பாளி, பாதிரி ஆகிய சொற்களை எழுதுங்கள். வங்காளத்தில் அவற்றை எப்படிச் சொல்கிறார்கள் என்று அண்டை வீட்டாரைக் கேட்டு வரச் சொல்லுங்கள். எவை ஒத்திருக்கின்றன, எவை வேறுபடுகின்றன என்று பிள்ளைகளே குறிக்கட்டும். பிறகு ஒருநாள் பாண்டேலுக்கு அழைத்துச் செல்லுங்கள். இரண்டு மொழிகளோடு வளரும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் எளிதில் பிடிபடும்.