சித்திரக் கல்வியும் ஜீவனமும்

சென்ற மாதம் கம்மாபுரம் பகுதியிலுள்ள சங்கமொன்றின் கணக்குகளைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தபோது, முந்திரி பயிரிடும் அங்கத்தினர் ஒருவர் நகைக்கடன் கோரி வந்தார். கடன் எதற்கு என்று கேட்டோம். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் தேறிவிட்டாள். சித்திரம் நன்றாக வரைவாள். திரைப்படத்தில் புலி பாய்வதையும் கோட்டை இடிவதையும் கணினியிலேயே உருவாக்கும் தொழிலுக்கு ஓராண்டுப் பயிற்சி தருவதாக ஒரு நிலையத்தார் சொல்கிறார்கள். முடித்தவுடன் வேலை நிச்சயம் என்கிறார்கள். கட்டணத்துக்கு அவள் தாயாரின் நகைகளைத் தவிர வேறு வழியில்லை என்றார். அருகில் நின்ற நெசவாளர் ஒருவர், "படம் போடுவதைக் காசு கொடுத்துப் படிக்க வேண்டுமா, ஐயா? அது சோறு போடுமா?" என்றார்.

இருவருக்கும் அன்று நம்மால் நிறைவான விடை கூற இயலவில்லை. அதனையே இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

நெசவாளருக்கு முதலில் விடை சொல்வது எளிது. அவருக்கு இன்றைக்குச் சோறு போடுவதே படந்தான். புடவையின் கரையில் ஓடும் அன்னமும் முந்தானையில் நிற்கும் மயிலும் முதலில் கட்டத்தாளில் ஒருவர் கையால் வரைந்தவை. ஒவ்வொரு கட்டமும் ஓர் இழையைக் குறிக்கும். கட்டங்களைப் பார்த்து அட்டைகளில் துளையிடுகிறோம்; துளையுள்ள இடத்தில் இழை எழுகிறது, இல்லாத இடத்தில் அடங்கிக் கிடக்கிறது. பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் 1804 ஆம் ஆண்டளவில் அமைத்த இந்த முறையைக் கண்டுதான், இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணக்கிடும் பொறிக்குத் துளையிட்ட அட்டைகளை எடுத்துக்கொண்டார். இன்றைய கணினித் திரையிலும் படம் என்பது சிறுசிறு கட்டங்களுக்கு நிறம் இடுவதேயன்றி வேறில்லை. ஆகவே தறியிலிருந்து கணினிச் சித்திரத்துக்குச் செல்லும் பிள்ளை, அந்நிய வீட்டுக்குப் போகவில்லை. பெரியப்பா வீட்டுக்குத்தான் போகிறது.

சித்திரப் பள்ளிகளும் நம் போன்ற கைத்தொழிலாளரை எண்ணியே தோன்றின. சென்னையில் 1850 ஆம் ஆண்டில் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தம் சொந்த முயற்சியில் ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அரசாங்கம் அதை ஏற்றது. அங்கே படம் வரைவதோடு மண்பாண்டம், மரவேலை, உலோகவேலை எல்லாம் கற்பிக்கப்பட்டன. நம் வீடுகளில் புழங்கும் அலுமினியப் பாத்திரங்கள் இந்நாட்டில் தொழிலாக உருவெடுத்ததே அப்பள்ளியின் பட்டறையில்தான். 1898 ஆம் ஆண்டளவில் ஆல்பிரட் சாட்டர்டன் அங்கே அதனைத் தொடங்கி வைத்தார். சித்திரப் பள்ளிக்கும் சோற்றுப் பானைக்கும் உள்ள உறவு இவ்வளவு நெருங்கியது! 1929 இல் அப்பள்ளியின் தலைமையை ஏற்ற முதல் இந்தியர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னைக் கடற்கரையில் பாறையைப் பெயர்க்கும் நான்கு உழைப்பாளிகளின் சிலையை வடித்தவர் அவரே. கும்பகோணத்தில் 1887 இல் தோன்றிய மற்றொரு பள்ளியும் இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக நடைபெறுகிறது.

இப்பள்ளிகளில் பயின்றோர் எவ்வாறு வாழ்ந்தனர்? கும்பகோணத்தில் கற்ற கோபுலு, ஆனந்த விகடனில் கேலிச் சித்திரங்களும் கதைச் சித்திரங்களும் வரைந்து பெரும் புகழ் பெற்றார். 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்கு அவர் வரைந்த முகங்களே பலருடைய மனத்தில் அக்கதையின் முகங்களாக நின்றுவிட்டன. சென்னைப் பள்ளியில் பயின்ற சில்பி, கோயில் கோயிலாகச் சென்று சிற்பங்களை நேரில் பார்த்து வரைந்தார். அதே சென்னைக் கல்லூரியில் ஓவியம் பயின்ற தோட்டா தரணி, 'நாயகன்' திரைப்படத்தின் கலை இயக்கத்துக்காகத் தேசிய விருது பெற்றார்.

ஆயினும் நம் அங்கத்தினர்களுக்கு நாம் முக்கியமாக எடுத்துக்காட்ட விரும்புபவர் கே. எம். ஆதிமூலம். திருச்சி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 1938 இல் பிறந்தவர். சென்னையில் ஓவியம் பயின்றபின் நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளராகப் பணிபுரிந்தார். காந்தியடிகளை அவர் வரைந்த கோட்டோவியங்கள் நாடறிந்தவை, கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துகளுக்கும் அவர் படம் வரைந்தார். பகலில் தறிக்குரிய வடிவம். மற்ற நேரத்தில் தமக்குரிய ஓவியம். 1956 முதல் ஏற்பட்ட இம்மையங்களில் ஓவியம் படித்தோர் பலர் பணியாற்றினர். நம் சங்கங்களில் எத்தனை சங்கங்கள் அங்கு சென்று புதிய வடிவங்களைக் கேட்டு வாங்கியிருக்கின்றன என்பதை அங்கத்தினர்களே தத்தம் செயலாளரிடம் விசாரித்துக்கொள்ளலாம்.

இனி, முந்திரித் தோப்புக்காரரின் விஷயத்துக்கு வருவோம். அவர் மகள் விரும்பும் தொழில் புதியதன்று. 1957 இல் சென்னை வாகினி ஸ்டூடியோவில் எடுக்கப்பட்ட 'மாயா பஜார்' படத்தில் கடோத்கஜன் வாய்க்குள் லட்டுகள் தாமாகப் பறந்து சென்று விழுவதைக் கண்டு நம் பாட்டனார் வியந்தனர். கணினி என்ற பேச்சே ஸ்டூடியோவில் எழாத காலம் அது. மார்கஸ் பார்ட்லி என்ற ஒளிப்பதிவாளரின் காமிராத் திறமையே அதனைச் செய்தது. தனித்தனியே எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, கண்ணுக்கு ஒரே காட்சியாகத் தோன்றச் செய்வது இதன் அடிப்படை. வினாடிக்கு இருபத்து நான்கு படங்கள் ஓடும் திரையில், ஒரு படத்தில் நிழல் தவறான பக்கம் விழுந்தாலும் கண் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆதலால் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எலும்பின்மேல் தசை எவ்வாறு அசைகிறது, ஈரத்துணி எவ்வாறு தொங்குகிறது என்பனவற்றைப் பென்சிலால் வரைந்து வரைந்து கற்றவருக்கே இத்தொழில் வசப்படும். பொத்தானை அழுத்தும் வித்தை ஆறு மாதத்தில் வரும். அந்தப் பொத்தான்களும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொருமுறை மாறிவிடும். பார்க்கக் கற்ற கண் மாறுவதில்லை.

நமக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியில் சில காட்சிகள் எடுக்கப்பட்ட 'லைஃப் ஆஃப் பை' என்ற ஆங்கிலப் படம் 2012 இல் வெளிவந்தது. கடலில் ஒரே படகில் ஒரு பையனும் ஒரு புலியும். அந்தப் புலி பெரும்பாலான காட்சிகளில் உண்மைப் புலியன்று. உயிருள்ள புலிகளைக் கூர்ந்து கவனித்து, எலும்பு, தசை, தோல், மயிர் என்று அடுக்கடுக்காகக் கலைஞர்கள் கணினியில் உருவாக்கிய புலி. அதைச் செய்தது அமெரிக்காவின் ரிதம் அண்டு ஹியூஸ் என்னும் நிறுவனம்; மும்பையிலும் ஹைதராபாதிலும் அதற்குக் கிளைகள் இருந்தன. 2013 பிப்ரவரி 24 அன்று அப்படத்தின் காட்சி விளைவுகளுக்கு ஆஸ்கார் விருது கிடைத்தது. ஆனால் அதற்குச் சில நாட்களுக்கு முன்பே அந்நிறுவனம் திவால் மனுக் கொடுத்துவிட்டது! விருது மண்டபத்துக்குள் கைதட்டல். வெளியே தெருவில் வேலையிழந்தவர்களும் அவர்களுடைய தோழர்களுமாக நூற்றுக்கணக்கானோர் பதாகை ஏந்தி நின்றனர்.

திறமையில் குறையில்லை என்பதற்கு விருதே சாட்சி. பின் எங்கே பிசகு? இத்தொழிலில் வேலையை முன்கூட்டியே ஒரு மொத்தத் தொகைக்கு ஒப்புக்கொள்வது வழக்கம். பிறகு, "புலி இன்னும் சிறிது இளைத்திருக்கட்டும், மறுபடி செய்" என்று சொன்னால், செய்ய வேண்டும்; தொகை எளிதில் உயராது. வேலை தள்ளிப்போனாலும் ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். வேறொரு தேசத்து அரசாங்கம் மானியம் தந்தால் வேலை அங்கே பறந்துவிடும். கூலிக்கு நெய்யும் நம் நெசவாளருக்கு இதை விளக்கவும் வேண்டுமா? கரையைப் பிரித்து மறுபடி நெய்யச் சொல்லிவிட்டுப் பழைய கூலியையே கொடுக்கும் முதலாளியை அவர் சங்கம் பிறக்குமுன்பே அறிவார்.

இவ்விடத்தில் ஓவியர்களே கண்ட ஒரு வழியைக் கூறுதல் பொருந்தும். சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வராயிருந்த கே. சி. எஸ். பணிக்கர், படிப்பு முடிந்த மாணவர்கள் ஓவியத்தை விட்டுக் கிடைத்த வேலைக்குப் போய்விடுவதைக் கண்டு வருந்தினார். ஓவியம் விற்பது அரிது. கைவினைப் பொருள் விற்கும். எனவே துணியில் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் வேலை முதலியவற்றைக் கூடிச் செய்து விற்றனர். சங்கமாகச் சேர்ந்து சேமித்த அந்தப் பணத்தில், சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966 இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தனர். முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் அதில் கூடினர். வெறும் மணற்காடாக இருந்த அந்த இடத்தில் தத்தமக்கு வீடு கட்டிக்கொண்டனர். பொதுவாக ஒரு காட்சிக்கூடமும் வைத்துக்கொண்டனர். இன்றும் அக்கிராமம் இருக்கிறது. எல்லோரும் செல்வராகிவிட்டனர் என்று நாம் கூறவில்லை. வயிற்றுக்கான வேலையும் மனத்துக்கான வேலையும் ஒரே கூரையின் கீழ் நடக்கலாம் என்பதை, எவரிடமும் கையேந்தாமல் அவர்கள் நடத்திக் காட்டினர்.

அங்கத்தினரிடம் மறுநாள் நாம் கூறியது இதுதான். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் நான்காண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. ஓவியம், சிற்பம் மட்டுமன்றி, காட்சித் தொடர்பு வடிவமைப்பு, துணி வடிவமைப்பு, பீங்கான் வடிவமைப்பு ஆகியனவும் அங்குண்டு. தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் அசைவூட்டமும் காட்சி விளைவுகளும் நான்காண்டுப் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகின்றன. இடங்கள் குறைவு, போட்டி உண்டு, கையால் வரைந்து காட்ட வேண்டும். ஆனால் அரசுக் கல்லூரியின் கட்டணத்துக்குத் தாயாரின் கழுத்து வெறுமையாக வேண்டியதில்லை. தனியார் பயிற்சிதான் வேண்டுமென்றால், கட்டுமுன் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொன்னோம்: சென்ற ஆண்டு முடித்தவர்களில் இருவரையாவது நேரில் பார்த்துப் பேச இயலுமா? வேலை நிச்சயம் என்பதை எழுதிக் கையொப்பமிட்டுத் தருவார்களா? நடுவில் நின்றால் பணம் திரும்ப வருமா?

பீங்கான் வடிவமைப்பு என்றதும் அவர் சிறிது நிமிர்ந்தார். விருத்தாசலத்துச் செராமிக் தொழிற்பேட்டையில் அகல்விளக்கும் பொம்மையும் செய்யும் சூளைகள் பல. மண் நம் மண், சூளையும் நம்முடையது, ஆனால் அச்சுகள் பல ஆண்டுகளாகப் பழைய அச்சுகளே. புதிய உருவம் வரைந்து, அதற்கு அச்சு எடுத்துக் கொடுக்கக் கற்றவர் ஒருவர் இருந்தால், கார்த்திகைக்கு மட்டும் விற்கும் சரக்கு ஆண்டு முழுவதும் விற்கலாமே என்று பேட்டையில் ஒரு பட்டறைக்காரர் நம்மிடம் கூறியதுண்டு. அதனையும் அவரிடம் சொன்னோம்.

மகளையும் அழைத்து வந்திருந்தார். உரமூட்டைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் அவள் வரைந்தவற்றை ஒரு நூலில் கோத்துக் கொண்டுவந்திருந்தாள்: களத்தில் முந்திரிக்கொட்டை காயப்போடும் பெண்கள், தூங்கும் நாய், பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்போர். நாயின் கால்கள் சரியாக அமையவில்லை. அதை அவளே முதலில் கூறினாள். எந்தக் கல்லூரியை முதலில் போய்ப் பார்க்க வேண்டும், எந்த ரயிலில் ஏற வேண்டும் என்பதைத் தகப்பனார் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். நகைக்கடன் விண்ணப்பத்தைச் செயலாளரிடமிருந்து திரும்பப் பெற்று, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், கிழிக்கவில்லை.