மான்தோலும் முயல்மயிரும்

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைப் பக்கம் நடப்பவர்களுக்கு மலையடிவாரத்துப் புள்ளிமான்கள் புதிதல்ல. நாய் கடித்தோ வண்டியில் அடிபட்டோ அவை சாவதும் உண்டு. தானாகச் செத்த மானின் தோலை எடுத்தால் பாவமும் இல்லை, குற்றமும் இல்லை என்பது பலரது எண்ணம். பாவம் பற்றிப் பெரியவர்கள் சொல்லட்டும், குற்றம் நிச்சயம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி, செத்துக் கிடக்கும் காட்டு விலங்கும் அரசின் சொத்து. கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ சொல்லியாக வேண்டும். தியான ஆசனத்துக்கு என்று சொன்னாலும் சலுகை கிடையாது.

இதே எண்ணத்தில் சிக்குகிற இன்னொரு கூட்டம், ‘ஃப்ளை’ கட்டுபவர்கள். கொக்கியில் மயிரும் இறகும் நூலும் சுற்றிப் பூச்சிபோலச் செய்து மீனை ஏமாற்றும் வித்தை இது. மண்புழுவே போதும் என்றிருக்கும் நம் ஏரிகளில் இதற்கு வேலையில்லை. நீலகிரிக்கு வெள்ளைக்காரர்கள் டிரவுட் மீனைக் கொண்டுவந்தபோது கூடவே வந்து சேர்ந்தது. அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சுப் பொரிப்பகம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது. வெளிநாட்டுப் புத்தகங்கள் மான்மயிர் எடு, காட்டுமுயலின் முகத்தோல் எடு என்று சர்வசாதாரணமாகச் சொல்லும். அங்கே அது சட்டப்படி வேட்டையாடியதில் மிஞ்சியது. இங்கே மான், காட்டுமுயல், கீரி எதையும் தொடக் கூடாது. கீரி மயிரில் செய்த ஓவியத் தூரிகைகளுக்காகவே 2019இல் நாட்டின் பல இடங்களில் சோதனை நடந்தது.

அப்படியானால் மயிருக்கு எங்கே போவது? வெள்ளாடு, செம்மறி, பண்ணை முயல் போதும். கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையமே முயல் வளர்க்கிறது. முயல்தோலை வாயால் ஊதிப் பார்த்தால் மேலே நீளமான, விறைத்த மயிரும் அடியில் பஞ்சுபோன்ற உள்மயிரும் பிரிந்து தெரியும். உள்மயிரைக் கிள்ளி, மெழுகு தடவிய நூலில் விரலால் உருட்டினால் புழுவின் உடம்பு தயார். மேல்மயிரில் நாலைந்து இழை கலந்தால் அவை கால்களாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

“நல்லா வெயில்ல போட்டா எல்லாம் சரியாயிடும்” என்பது பச்சைத்தோலைப் பற்றிய அடுத்த எண்ணம். திருவண்ணாமலை வெயிலை நம்பியவர்கள்தான் இதில் அதிகம் கெட்டுப்போவார்கள். பச்சைத்தோலைச் சுடுவெயிலில் போட்டால் மேல்புறம் அப்பளமாக விறைக்கும். உள்ளே ஈரம் தங்கி அழுகும், கொழுப்பு உருகி மயிரில் ஏறும். சில நாளில் மயிர் கொத்துக்கொத்தாகக் கழன்று வரும். கெடுவது மயிரல்ல, அதன் அடியில் இருக்கும் தோலும் கொழுப்பும். அறுத்த சில மணி நேரத்துக்குள் சதையையும் கொழுப்பையும் வழித்து, சோப்புத் தண்ணீரில் அலசி, பலகையில் மயிர்ப்பக்கம் கீழே இருக்கும்படி ஆணியடித்து, உள்பக்கம் கல்லுப்போ வெண்காரமோ தேய்த்து, காற்றோட்டமான நிழலில் காயவிட வேண்டும்.

படிகாரம் போட்டால் தோல் பதப்பட்டுவிடும் என்பது பாதி உண்மை. படிகாரத் தோல் வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். தண்ணீரில் ஊறினால் படிகாரம் கரைந்துபோய்ப் பழையபடி பச்சைத்தோல்தான். மயிரை மட்டும் வெட்டிக் கட்டுபவருக்கு இதனால் நஷ்டமில்லை. சொல்லப்போனால் அவருக்குப் பதனிடுதலே தேவையில்லை, காய்ந்த தோல் போதும். தோலோடு சேர்த்து மெல்லிய கீற்றாக நறுக்கிக் கொக்கியில் கட்டுபவருக்குத்தான் சிக்கல். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்டது தண்ணீருக்குத் தாங்கும். கடுக்காய்க்கு ஜவ்வாது மலை இருக்கிறது, பதனிடத் தெரிந்தவர்களுக்கு ஆம்பூரும் வாணியம்பாடியும் இருக்கின்றன. என்ன, வெள்ளை மயிரில் பழுப்பேறும்.

சாயம் கொதிக்கக் கொதிக்க இருந்தால்தான் பிடிக்கும் என்று நினைப்பவர்கள், பதனிடாத தோல் 60 டிகிரியை ஒட்டியே சுருளத் தொடங்கும் என்பதை ஒரு தோலைக் கெடுத்த பிறகுதான் கண்டுகொள்கிறார்கள். கம்பளிக்கான அமிலச் சாயம், கொஞ்சம் வினிகர், இளஞ்சூடு போதும். பருத்திச் சாயம் மயிரில் சரியாக நிற்காது.

பெட்டியில் நாலு நாப்தலீன் உருண்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. காற்றுப் புகும் பெட்டியில் அந்த வாடை பூச்சியை விரட்டினால் உண்டு. முட்டையைக் கொல்லும் என்று நம்ப முடியாது. மயிரைத் தின்னும் அந்துப்பூச்சிப் புழுக்களுக்கு அருங்காட்சியகங்கள் குளிரை நம்புகின்றன: காற்றுப்புகாத பையில் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம். வீட்டு ஃப்ரீசர் அந்த அளவு குளிர்வதில்லை என்பதால் வெளியே எடுத்து ஒரு நாள் விட்டு மறுபடி ஒரு வாரம் வைப்பது நல்லது.

குளிருக்கு அசையாத ஒன்றும் உண்டு: அடைப்பான் நோய்க் கிருமி. நல்லா இருந்த மாடோ ஆடோ திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் கசிந்தால் அது அடைப்பானாக இருக்கலாம். செத்ததுதானே, தோலையாவது உரிப்போம் என்று கத்தி வைத்தால் கிருமி காற்றுப்பட்டு வித்தாக மாறும். மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். உப்பு, வெயில், ஃப்ரீசர் எதுவும் அதை ஒன்றும் செய்யாது. கம்பளி பிரிக்கும் தொழிலாளர்களின் நுரையீரலையே தாக்கிய நோய் இது. அந்த உடலை அறுக்காமல், தொடாமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். தோலுக்கு, ஆரோக்கியமான ஆட்டை அறுத்த கறிக்கடைக்குப் போவதே சரி.