அவைக் குறிப்பைப் படிப்பது எப்படி?



திருச்சுழிப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்தால் பேச்சு கடைசியில் தண்ணீரில்தான் வந்து நிற்கும். "காவிரியைக் குண்டாத்தோட சேர்க்கிறதா சட்டசபையிலேயே சொல்லிட்டாங்கப்பா" என்பார் ஒருவர். "எப்ப சொன்னாங்க, யார் சொன்னா?" என்பார் இன்னொருவர். பதில் தெரியாமல் நானும் விழித்திருக்கிறேன். பதில் சட்டமன்றப் பேரவை நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது.

அவையில் பேசுவதைச் சுருக்கெழுத்தில் எடுத்து அச்சிடுவதுதான் இந்தக் குறிப்பு. தேதி வாரியாக இருக்கும். ஆகவே முதலில் தேதியைப் பிடியுங்கள். பழைய செய்தித்தாள் உதவும். பிறகு எந்தப் பகுதி என்று பாருங்கள். கேள்வி நேரமா, மானியக் கோரிக்கை விவாதமா, விதி 110-ன் கீழ் வந்த அறிக்கையா? விதி 110 அறிக்கைக்கு விவாதம் கிடையாது. பேசியவர் யார் என்பதும் முக்கியம். 1977 தேர்தலில் அருப்புக்கோட்டையில் வென்றவர் எம்.ஜி.ஆர். அவர் முதலமைச்சர், கேள்வி கேட்கும் இடத்தில் அவரைத் தேடக்கூடாது, பதில் சொல்லும் இடத்தில் தேட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. குறிப்பு, சொன்னதற்குத்தான் சாட்சி, செய்ததற்கு அல்ல. நம் விருதுநகரில் தியாகி சங்கரலிங்கனார் மாநிலத்தின் பெயர் மாற்றம் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக உண்ணாவிரதம் இருந்து 1956 அக்டோபர் 13-ல் உயிர்விட்டார். பேரவையில் அண்ணா ஆட்சியில் தீர்மானம் நிறைவேறியது 1967 ஜூலை 18-ல். அத்தோடு முடிந்ததா? மாநிலத்தின் பெயரை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குத்தான் உண்டு. அங்கே 1968-ல் சட்டம் வந்து, 1969 ஜனவரி 14-ல்தான் 'தமிழ்நாடு' நடைமுறைக்கு வந்தது. தீர்மானத்தை மட்டும் படித்தவன் பாதிக் கதையைத்தான் படித்தவன்.

தண்ணீர் விஷயமும் அப்படியே. மாயனூர் கட்டளைக் கதவணையிலிருந்து குண்டாறு வரை சுமார் 262 கிலோமீட்டர் கால்வாய். 2021 பிப்ரவரி 21-ல் அடிக்கல் நாட்டினார்கள். அவையில் சொன்ன வாக்கைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு அரசாணை வந்ததா, நிதி எவ்வளவு, நம் பகுதிக்கு நிலம் எடுத்தாயிற்றா என்று 2005-ம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மிச்சம் என்ன என்று தெரிந்துவிடும்.

அளந்து பார்க்காமல் வரைபடம் போடக்கூடாது என்று நமக்கு வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். ஊர்க் கோரிக்கைக்கும் அதே பாடம்தான். அடுத்த முறை டீக்கடையில், "சொன்னாங்களாம்" என்று பேசாமல் தேதியைச் சொல்லிப் பேசுவோம்!